ஒற்றி வீட்டை வாங்கியவரின் நல்லெண்ணம்: நீதிமன்றம் எதைக் கேட்கும்?

கேள்வி, ஜூன் 4, 2025

என் அத்தான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒன்பது சென்ட் புரையிடத்தையும் (வீட்டுமனை) அதில் நிற்கும் ஓட்டு வீட்டையும் சென்ற ஆண்டு விலைக்கு வாங்கினார். வீட்டில் ஒற்றிக்காரர் ஒருவர், அதாவது கடன் கொடுத்து அதற்கு ஈடாக வீட்டை வைத்திருப்பவர், பல வருடங்களாகக் குடியிருக்கிறார். ஒற்றிப் பணத்தைக் கொடுத்தால் இறங்கிவிடுவார் என்று விற்றவர் சொன்னார். அத்தான் அந்தத் தொகையை மட்டும் கையில் நிறுத்திக்கொண்டு, மீதியை வங்கி வழியாகக் கொடுத்துப் பத்திரம் முடித்தார். இப்போது ஒற்றிக்காரர், வீட்டைத் தனக்கே விற்பதாக முன்பே எழுதித் தந்திருக்கிறார்கள் என்று பதிவாகாத ஓர் உடன்படிக்கையைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வில்லங்கச் சான்றில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைச் சட்டம் கைவிடாது என்று ஆவண எழுத்தர் உறுதியாகச் சொல்கிறார். என் கருத்தும் அதுவே. வேறு கருத்துடையவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

ஜூன் 4, இரவு

நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் உரிமையியல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அத்தானின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. நீதிமன்றமும் ஐயப்படாமல் இருக்கலாம். அப்படி இருந்தும் அவர் தோற்க வழி உண்டு. எனக்கு ஒரே ஒரு விவரம் தேவை. பத்திரம் முடிப்பதற்கு முன்னால், அத்தானோ அவர் சார்பில் வேறு எவருமோ ஒற்றிக்காரரை நேரில் கண்டு, "நீங்கள் எந்த உரிமையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்களா?

ஜூன் 5

"கேட்கவில்லை, விற்றவர் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டோம்" என்று பதில் வந்திருக்கிறது. வழக்கின் பாதி இந்த ஒரு வரியில் இருக்கிறது.

உங்கள் ஆவண எழுத்தர் மனத்தில் வைத்துப் பேசுவது உடன்படிக்கையை நிறைவேற்றித் தரக் கோர வழிசெய்யும் 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆ உட்பிரிவு. முதலில் ஒருவருக்கு விற்பதாக உடன்படிக்கை எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு அதே சொத்தை வேறொருவருக்கு விற்றால், உடன்படிக்கைக்காரர் இரண்டாமவரையும் சேர்த்து வழக்குப் போடலாம் என்பது அங்கே பொது விதி. அதற்கு விலக்கு ஒன்று உண்டு. இரண்டாமவர் விலைக்கு வாங்கியவராக இருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்து முடித்தவராக இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுத்திருக்க வேண்டும். முந்திய உடன்படிக்கையைப் பற்றிய அறிவிப்பு இல்லாதவராகவும் இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் விலக்கு. நான்கில் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு நீங்கள் பேசுகிறீர்கள். வழக்கு நான்காவதில்தான் நடக்கும்.

அறிவிப்பு என்பது காதில் விழுந்த செய்தி மட்டும் அல்ல. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் அதற்கு விளக்கம் இருக்கிறது. செய்திருக்க வேண்டிய விசாரணையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டவருக்கும், கடுமையான கவனக்குறைவால் அறியாமல் போனவருக்கும், அறிந்திருந்தார் என்றே சட்டம் கொள்ளும். அதே பிரிவின் இரண்டாவது விளக்கம் இன்னும் நேரடியானது: சொத்து ஒருவரின் அனுபவத்தில் (கைவசத்தில்) இருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அதைப் பற்றிய அறிவிப்பு வாங்குகிறவருக்கு உண்டு.

இதை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் இரண்டு வழக்குகளில் விரிவாகப் பேசியது. ஒன்று ராம் நிவாஸ் எதிர் பானோ. மற்றது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஆர்.கே. முகம்மது உபைதுல்லா எதிர் ஹாஜி சி. அப்துல் வகாப். இரண்டிலும் கட்டடத்தில் இருந்தவர் வாடகைக்காரர். இரண்டிலும் அவர் கையில் முந்திய கிரய உடன்படிக்கை இருந்தது. உள்ளே இருப்பவர் வாடகைக்காரர் என்று தெரிந்திருந்ததே, அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று வாங்கியவர்கள் வாதிட்டார்கள். அது ஏற்கப்படவில்லை. விற்பவர் சொன்னதையோ தனக்குத் தெரிந்ததையோ நம்பிக்கொண்டு, உள்ளே இருப்பவரின் அனுபவம் உண்மையில் எந்த அடிப்படையிலானது என்று விசாரிக்காமல் விட்டவர், அதன் விளைவிலிருந்து தப்ப முடியாது என்பதே ராம் நிவாஸ் வழக்கின் சாரம். "வாடகை" என்ற இடத்தில் "ஒற்றி" என்று போட்டுப் படித்தால் உங்கள் அத்தானின் நிலை விளங்கும். இங்கிலாந்தில் 1809ஆம் ஆண்டிலேயே டேனியல்ஸ் எதிர் டேவிசன் வழக்கில் எல்டன் பிரபு இதே வழியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஆகவே இது நேற்றுப் பிறந்த விதி அல்ல.

ஜூன் 5, மாலை

குலசேகரத்திலிருந்து ஒருவர், "அப்படியானால் வில்லங்கச் சான்று எதற்கு?" என்று கேட்கிறார். பதிவானவற்றை அறிவதற்கு. பதிவாகாததை அது காட்டாது. நிலுவையில் உள்ள வழக்கைக் காட்டாது. யார் குடியிருக்கிறார் என்பதையும் காட்டாது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கிரய உடன்படிக்கையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பதியாத உடன்படிக்கையை, அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று ஆர். ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் 2023ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கே. எனவே "பதிவு இல்லை, ஆகவே உடன்படிக்கையே இல்லை" என்று யாரும் அத்தானுக்குத் தைரியம் சொல்ல வேண்டாம்.

ஜூன் 7

"நடைமுறையில் இதையெல்லாம் எந்த நீதிபதி கேட்கிறார்?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கேட்கிறார்கள். நான் கண்ட ஒன்றை எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் நடந்த வழக்கு அது. நான் ஒற்றிக்காரர் தரப்பில் நின்றேன். வாங்கியவர் வளைகுடாவில் பல காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பது கூண்டில் ஏறிய சற்று நேரத்திலேயே தெரிந்தது. வீட்டைப் பார்க்கப் போனீர்களா என்று கேட்டேன். போனேன் என்றார். முற்றத்தில் யார் இருந்தார்கள்? ஒற்றிக்காரரின் மனைவி நல்லமிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பேசினீர்களா? பேசினேன். என்ன கேட்டீர்கள்? குடிக்கத் தண்ணீர் கேட்டேன். வேறு எதுவும் கேட்டீர்களா? "கேட்கவில்லை. விற்கிறவர் பக்கத்தில் நின்றார். அவரை வைத்துக்கொண்டு கேட்டால் அவரை நம்பாதது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்." நீதிபதி அந்த விடையைத் தட்டச்சரிடம் ஒரு சொல்லும் குறையாமல் சொல்லி எழுதவைத்தார். அதற்கு மேல் நான் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

தீர்ப்பில் அவர் நேர்மையற்றவர் என்று ஓர் இடத்தில்கூடச் சொல்லப்படவில்லை. முற்றம் வரை வந்தவருக்கு உள்ளே இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தடை எதுவும் இருக்கவில்லை என்று மட்டும் சொல்லப்பட்டது. வெற்றி பெற்ற தரப்பில் நின்றும், அன்று மாலை எனக்கு மனம் நிறைவாக இல்லை. நம் ஊரில் மரியாதை கருதி வாயைத் திறக்காமல் இருப்பது நல்ல பழக்கம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தால் ஒருவர் தன் உழைப்பை இழப்பதைக் கண்ணால் கண்டேன். அன்று முதல், வாங்க வருகிறவர்கள் எவராக இருந்தாலும், உள்ளே இருப்பவரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்காமல் அச்சாரம் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவருகிறேன்.

ஜூன் 8

இரணியல் நண்பர் ஒரு நுட்பமான ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார். நேர்மையாகச் செய்தால் கவனக்குறைவு இருந்தாலும் நல்லெண்ணமே என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறதே, அதைக் கொண்டு அத்தானைக் காப்பாற்ற முடியாதா என்கிறார். எழுதியிருப்பது உண்மை. சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொது விளக்கம் தரும் 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 22ஆம் உட்பிரிவு அது. ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்கு நேர் எதிராகப் பேசியது: உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 2ஆம் பிரிவும் அதையே அப்படியே எடுத்துக்கொண்டது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமும் கவனத்தையே கேட்கிறது. ஆகவே நல்லெண்ணம் என்று வாதிடும் முன், எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்று பார்த்தாக வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் அந்த விளக்கம், அச்சட்டத்துக்குப் பிறகு வந்த மத்தியச் சட்டங்களுக்கே உரியது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு இந்தத் தளர்வான விளக்கத்தை நீட்ட முடியாது. அதன் 41ஆம் பிரிவு, உரிமையாளரைப் போல வெளியில் தோன்றுகிறவரிடம் வாங்கியவரைக் காக்கும்போது, விற்பவருக்கு அதிகாரம் உண்டா என்று நியாயமான அக்கறை எடுத்துப் பார்த்த பிறகு நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே நிபந்தனை வைக்கிறது. ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டமோ 1963ஆம் ஆண்டினது. அங்கே தளர்வான விளக்கம் பொருந்தும் என்ற இரணியல் நண்பரின் வாதத்தை நான் முழுமையாகவே ஏற்கிறேன். ஏற்ற பிறகும் அத்தானுக்குப் பயன் இல்லை. ஏனெனில் நல்லெண்ணத்துக்குப் பக்கத்திலேயே "அறிவிப்பு இல்லாமல்" என்ற தனி நிபந்தனை நிற்கிறது. மனம் தூய்மையாக இருந்தது என்பதை எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டே வழக்கை வெல்லலாம். இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

செலாவணி முறிச் சட்டத்தின் 131ஆம் பிரிவையும் இதோடு வைத்துப் பாருங்கள். காசோலையை வசூலித்துக் கொடுக்கும் வங்கிக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், நல்லெண்ணமும் வேண்டும், கவனக்குறைவும் இருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கணக்குத் தொடங்கும்போது அறிமுகக் கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூன் 8, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது, கவனக்குறைவுக்கும் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் போதிய அளவு சொல்லவில்லை என்று தோன்றியது. 1877ஆம் ஆண்டில் ஜோன்ஸ் எதிர் கார்டன் வழக்கில் பிளாக்பர்ன் பிரபு அதைத் தெளிவாகப் பிரித்தார். ஏமாளித்தனத்தால் கேட்காமல் விட்டவர் ஒருவகை. ஏதோ கோளாறு இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தேகம் எழுந்தும், கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பதற்காகவே கேட்காமல் விட்டவர் இன்னொருவகை. இரண்டாமவரிடம் நேர்மையே இல்லை; எந்தச் சட்டத்தின் கீழும் அவருக்கு இடமில்லை. அத்தான் முதல் வகை என்றே நான் நம்புகிறேன். ஆனால் ஒற்றிக்காரரின் வக்கீல் அவரை இரண்டாம் வகையாகக் காட்டவே முயல்வார். விலை சந்தை மதிப்புக்கு மிகக் குறைவாக இருந்தால் அந்த முயற்சி எளிதாகும். என்ன விலைக்கு வாங்கினார் என்பதை இங்கே எழுத வேண்டாம். உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் 9

இதுவரை நான் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் அழுகையும் சண்டையுமாக இருக்கிறது என்று கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருக்கிறார். தம்பி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. அறிவிப்பு பற்றிய பேச்செல்லாம், அந்த உடன்படிக்கை உண்மையானதாக இருந்தால் மட்டுமே. அத்தான் வாங்கிய பிறகு, பழைய தேதி போட்டு எழுதப்பட்டதாக இருந்தால் எந்த அறிவிப்பும் எழாது. ஆகவே முதல் போர்க்களம் அந்தத் தாள்தான்.

முத்திரைத் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள்; யார் பெயரில், எந்தத் தேதியில், எந்த எண்ணில் விற்கப்பட்டது என்பது அங்கே இருக்கும். முத்திரைத்தாள் விற்பனையாளரின் பதிவேட்டை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போடலாம். முன்பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது, ரொக்கமா வங்கியா, அன்று அவ்வளவு தொகை அவரிடம் இருந்ததா என்பவை எல்லாம் கேட்கத் தக்கவை. மீதிப் பணத்தோடு எப்போதும் தயாராக இருந்தேன் என்பதை ஒற்றிக்காரர்தான் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி நிரூபிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் பல விஷயங்களில் உடன்படிக்கைக்காரருக்குச் சாதகமாக இருந்தாலும் இந்தச் சுமையை இறக்கவில்லை. உடன்படிக்கையில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து, குறிக்காவிட்டால் மறுப்பு தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். இவற்றில் ஒன்று இடறினாலும் அறிவிப்புக் கேள்வி வரை வழக்கு வராது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். உடன்படிக்கை பொய் என்று நம்ப உங்களிடம் உண்மையான காரணம் இருந்தால் மட்டுமே அப்படி எழுதுங்கள். எதிர்வழக்குரையில் (நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பதிலில்) வழக்கமாக எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதற்காக எழுதினால், கூண்டில் அத்தானின் நேர்மையான முகம் கெட்டுப்போகும். அவரிடம் மிச்சமிருக்கும் பெரிய பலம் அதுவே.

ஜூன் 12

விளவங்கோட்டு வாசகர் ஒருவர் வேறு கோணத்தைத் தொட்டிருக்கிறார். இது நம் மாவட்டத்துக்கே உரியது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தோம். பழைய ஆதாரங்கள் (பத்திரங்கள்) பலவும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கின்றன. வாங்க வருகிற இளைஞர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. கடைசியாக எழுதிய தமிழ்ப் பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு, முன் ஆதாரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு மலையாள ஆதாரத்தில், வடக்கு அதிர்த்தியை (எல்லையை) ஒட்டி ஒரு நடைபாதை உரிமை மூன்றாவது பக்கத்தில் அரை வரியில் எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரியவில்லை என்பது வாங்கியவருக்குக் காப்பு ஆகாது. பதிவான ஆவணத்தில் உள்ளது அனைவருக்கும் அறிவிப்பு. படிக்கத் தெரிந்தவர்கள் குழித்துறையிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் போய்ப் படிக்கச் சொல்லுங்கள்.

அதே வாசகர் கேட்கும் இரண்டாவது கேள்வி கடினமானது. கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அப்பா உயில் எழுதாமல் இறந்தார்; ஆண்மக்கள் மட்டும் சேர்ந்து 1980ஐ ஒட்டி விளையை (தோட்டத்தை) விற்றார்கள்; பெண்மக்கள் கையெழுத்துப் போடவில்லை. வாங்கியவரின் நல்லெண்ணம் என்ன ஆகும்? அக்காலத்தில், 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் இங்கே உயிரோடு இருக்கிறது என்றே பலரும் நம்பினார்கள். அதன்படி மகளுக்கு ஸ்திரீதனம் (சீதனம்) மட்டுமே. மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுத் தீர்ப்பு ஒன்றும் அந்தச் சட்டம் நீடிக்கிறது என்றே கூறியிருந்தது. 1986 பிப்ரவரியில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் இல்லை, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், மகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்பளித்தது.

1980இல் வாங்கியவர் நேர்மையாக வாங்கினார். வக்கீலைக் கேட்டு வாங்கினார். உயர் நீதிமன்றத் தீர்ப்பே அவர் பக்கம் இருந்தது. இதற்கு மேல் ஒருவரிடம் என்ன கவனத்தை எதிர்பார்க்க முடியும் என்று வாசகர் கேட்பது எனக்கும் உறைக்கிறது. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு வாங்கியவரின் மனத்தை மட்டும் அளப்பதில்லை. உண்மையான உரிமையாளர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ சம்மதித்து, விற்பவரை உரிமையாளர் போலத் தோன்ற விட்டிருக்க வேண்டும் என்பது அதன் முதல் படி. அண்ணன்மார் விற்பதே தங்கைக்குத் தெரியாதபோது அவள் சம்மதம் எங்கிருந்து வரும்? 41ஆம் பிரிவு பொது விதிக்கு விலக்கு, அதை நிரூபிக்கும் சுமை வாங்கியவருடையது என்று குர்பக்ஷ் சிங் எதிர் நிக்கா சிங் வழக்கில் 1963ஆம் ஆண்டுத் தொகுப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்கக் கூடாது. அதே சமயம், தன் உரிமை முழுமையானது என்று நல்லெண்ணத்தோடு நம்பி வீடு கட்டியவருக்கும் ரப்பர் வைத்தவருக்கும் அதே சட்டத்தின் 51ஆம் பிரிவு கை கொடுக்கும்: வெளியேற்றுகிறவர் மேம்பாட்டின் மதிப்பைத் தர வேண்டும், அல்லது நிலத்தைச் சந்தை விலைக்கு அவருக்கே விற்க வேண்டும். நிலம் போனாலும் நல்லெண்ணத்துக்கு ஒரு விலை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் இடம் இது. தங்கையின் பங்கை வெறும் தொழில்நுட்பச் சிக்கலாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜூன் 14

நாகர்கோவிலிலிருந்து ஒருவர், வர்ம ஆசான்மார் நல்லெண்ணத்தோடு செய்கிற சிகிச்சையில் உயிர் போனால் தண்டனை உண்டா என்று கேட்டிருக்கிறார். ஆசான்மார் நிறைந்த நம் மாவட்டத்தில் இது நியாயமான கேள்வி.

1887ஆம் ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்த்த சுகாரூ கவிராஜ் வழக்கைப் பாருங்கள். அவர் வைத்தியர். உள் மூலத்தைச் சாதாரணக் கத்தியால் அறுத்தார். இரத்தம் நிற்காமல் நோயாளி இறந்தார். முன்பும் இப்படிச் செய்து குணப்படுத்தியிருக்கிறேன், நன்மைக்காகவே செய்தேன் என்றார். நன்மை கருதியதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் முறையான பயிற்சி இல்லாமல் அப்படிப்பட்ட அறுவையில் இறங்கியது உரிய கவனம் ஆகாது என்று, சம்மதத்தோடு ஒருவர் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்ததைக் காக்கும் பழைய தண்டனைச் சட்டத்தின் 88ஆம் பிரிவை மறுத்துத் தண்டித்தது.

இதற்கு எதிரே ஒடிசா உயர் நீதிமன்றத்தின் ராம் பகதூர் தாப்பா வழக்கை வையுங்கள்; 1960ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. கைவிடப்பட்ட ரஸ்கோவிந்தபூர் விமானத்தளத்தில் பேய் உலவுகிறது என்று ஊரே நம்பியது. இரவில் அங்கே விளக்கொளியும் அசைவும் தெரிய, தாப்பா பேய்கள் என்று நம்பிக் குக்ரிக் கத்தியால் வெட்டினார். வெட்டுப்பட்டவர்கள் இலுப்பைப் பூ பொறுக்க வந்த ஆதிவாசிப் பெண்கள், ஒருவர் இறந்தார். இன்னும் சற்றுக் கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று அரசு வாதிட்டது. ஆனால் அந்த இடம், அந்த நேரம், அவருடைய நம்பிக்கை, கூட இருந்தவர்களும் அதையே நம்பியது ஆகியவற்றைக் கருதி நடந்ததைத் தவறாக எண்ணி நல்லெண்ணத்தோடு செய்ததைக் காக்கும் 79ஆம் பிரிவின்படி விடுதலை நிலைத்தது.

இரண்டும் ஒரே 52ஆம் பிரிவின் கீழ் வந்தவை. ஒன்றில் நன்மை செய்ய நினைத்தவருக்குத் தண்டனை, மற்றதில் உயிரைப் பறித்தவருக்கு விடுதலை என்று பார்த்தால் முரணாகத் தெரியும். எனக்கு முரணாகத் தெரியவில்லை. கவிராஜுக்கு யோசிக்க நேரம் இருந்தது. கத்தியை எடுக்காமல் இருக்கும் உரிமையும் இருந்தது. நோயாளி அவர் தொழிலை நம்பி உடலைக் கொடுத்தார். தாப்பாவுக்கு இருந்தது சில கணங்கள். கவனம் எவ்வளவு தேவை என்பது, அந்த மனிதர் நின்ற இடத்தைப் பொறுத்தது. ஆனாலும் இறந்த அந்தப் பெண்ணை நினைக்கும்போது, தீர்ப்பைச் சரி என்று சொல்லும் என் குரல் தாழ்ந்துவிடுகிறது.

ஜூன் 15

ஊர் வாட்ஸ்அப் குழுவில் சீட்டு நடத்துகிறவரைப் பற்றி எச்சரித்து எழுதியவர் மேல் அவதூறு வழக்கு வந்திருக்கிறதாம். பொதுநன்மைக்காக நல்லெண்ணத்தோடு சொன்னேன் என்பது அவதூறுக்கான விலக்குகளில் ஒன்பதாவது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. ஹர்பஜன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில், அன்றைய முதலமைச்சரின் மகன் கடத்தல்காரர்களுக்குத் தலைவர் என்று அறிக்கை விட்டவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சொன்னது முழு உண்மை என்று நிரூபிக்க வேண்டியதில்லை; தவறே நேராத தர்க்கத்தைச் சட்டம் எதிர்பார்ப்பதில்லை; ஆனால் எழுதுமுன் உரிய கவனத்தோடு விசாரித்தார் என்பது வேண்டும்; அதையும் ஐயத்துக்கு இடமின்றி அல்ல, நிகழ்தகவின் அளவில் காட்டினால் போதும். ஆகவே அந்த நண்பர், பதிவிடும் முன் யாரிடம் கேட்டார், எந்த ரசீதைப் பார்த்தார் என்பதை இப்போதே எழுதி வைக்கட்டும். வந்ததை அப்படியே முன்னனுப்பியிருந்தால் சிரமம்.

ஜூன் 19

குளச்சல் அண்ணாச்சி கேட்டது: உள்ளே யாரும் குடியில்லை, எல்லாரிடமும் விசாரித்தாகிவிட்டது, ஆனால் வாங்கும்போதே வழக்கு ஒன்று நிலுவையில் இருந்திருக்கிறது, தெரியாது. அண்ணாச்சி, இங்கே நல்லெண்ணத்துக்கு வேலையே இல்லை. குருசாமி நாடார் எதிர் லட்சுமி அம்மாள் வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வழக்குத் தாக்கலான பிறகு வாங்கியவருக்கு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 19ஆம் பிரிவின் காப்பு கிடையாது, வழக்கு நிலுவையில் நடக்கும் விற்பனையைப் பற்றிய சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவே மேலோங்கும் என்று சொன்னது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு மனக்குறை உண்டு. வழக்கு நிலுவையைப் பதிவு செய்யும் ஏற்பாடு இல்லாததால் நேர்மையாக வாங்குகிறவர்கள் அவதிப்படுகிறார்கள் என்று 2010இல் டி.ஜி. அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்து, மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் உள்ளது போன்ற பதிவு முறையைப் பரிந்துரைத்தது. அதுவரை, நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவர் பெயரையும் அவருடைய உடன்பிறந்தார் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். பெயரின் எழுத்து மாறினால் கிடைக்காது; எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

ஜூலை 2

அத்தானுக்குச் சம்மன் வந்துவிட்டது. எதிர்வழக்குரைக்கு முப்பது நாள்; நீதிமன்றம் காரணம் பார்த்துத் தொண்ணூறு நாள் வரை நீட்டலாம். அதில் "நான் நல்லெண்ணத்தோடு வாங்கிய நபர்" என்ற ஒற்றை வரியை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். எந்தத் தேதியில் வீட்டைப் பார்த்தார், யார் கூட வந்தார், எந்தெந்த ஆவணங்களைப் படித்தார், ஒற்றிக்காரரோ அவர் வீட்டாரோ அப்போது உடன்படிக்கை பற்றி வாயைத் திறந்தார்களா, அதிர்த்திக்காரர்களிடம் கேட்டாரா என்பதை எல்லாம் நடந்தது நடந்தபடி எழுதுங்கள். அறிவிப்பு இல்லை என்று காட்டும் சுமை வாங்கியவர் மேல்தான் முதலில் விழும். எழுதாததைப் பிறகு கூண்டில் சொன்னால் எடுபடாது. ஒற்றிக்காரரிடம் கேட்கவில்லை என்ற உண்மையை மறைக்க வேண்டாம். உடன்படிக்கையின் உண்மை, முன்பணம், தயார்நிலை, காலவரையறை ஆகிய நான்கையும் தனித்தனிப் பத்தியாக எடுங்கள்.

தோற்றால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டிருக்கிறார். லாலா துர்கா பிரசாத் எதிர் தீப் சந்த் வழக்கில் 1954ஆம் ஆண்டுத் தொகுப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, விற்றவரோடு அத்தானும் சேர்ந்து ஒற்றிக்காரருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி ஆணை வரும். அந்நிலையில், கொடுத்த விலையை விற்றவரிடமிருந்து மீட்க அத்தானுக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி உரிமை உண்டு. அந்த மனிதர் சொத்துகளை விற்றுத் தீர்ப்பதற்குள் அதற்கான நடவடிக்கையையும் இப்போதே யோசியுங்கள். வென்றால், ஒற்றியை மீட்க வேண்டும். ஒற்றிக்காரர் பணத்தை வாங்க மறுத்தால் அதே சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் கட்டலாம். ஆகையால் கையில் நிறுத்தி வைத்த அந்த ஒற்றிப் பணத்தை வழக்குச் செலவுக்கு எடுக்காமல், தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.